எக்ஸிமை எடுத்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸ் வைப்பது எப்படி? லினக்ஸில் மெயில் சர்வர் மாற்றம்

லினக்ஸின் ஒரு வகையான டெபியன் ஓடும் கணினியில் 'ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்ஃபிக்ஸ்' என்று தட்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் எக்ஸிம் என்ற மெயில் மென்பொருள் வெளியேறி, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொன்று உட்கார்ந்துவிடும். வேலை முடிந்தது போலத்தான் தெரியும். மறுநாள் காலையில்தான் ஃபோன் அடிக்கத் தொடங்கும். ஒருவருக்கு நேற்று இரவிலிருந்து மெயிலே வரவில்லை. இன்னொருவர் அனுப்பிய பிடிஎஃப் திரும்பி வந்துவிட்டது. மூன்றாமவர் எதை அனுப்பினாலும் ஜிமெயிலின் ஸ்பாம் பெட்டிக்குள் போகிறது. பழைய மென்பொருள் சத்தமில்லாமல் செய்துவந்த நான்கைந்து வேலைகளை யாரும் புதியதிடம் சொல்லி ஒப்படைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அந்த ஒப்படைப்பை எப்படிச் செய்வது என்பதே இங்கே விஷயம்.

எடுத்துக்கொண்டிருப்பது டெபியனில் எக்ஸிமிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாறுவது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்; '-எம்விசி'யிலும் 'மெயில்டிர்/'-இலும் முதல் எழுத்தான எம் மட்டும் பேரெழுத்து. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும்.

நாற்காலி ஒன்றுதான்

'மெயில் சர்வர்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் வேலைக்காரர்கள் வேறு வேறு. வெளி சர்வர்களிடமிருந்து மெயிலை வாங்குவதும், இங்கிருந்து போக வேண்டியதை உரிய இடத்துக்கு அனுப்புவதும் எம்டிஏ எனப்படும் அஞ்சல் கடத்தியின் வேலை. ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் ஆர்எம்எஸ் அலுவலகம் கடிதங்களைப் பிரித்து அனுப்புகிறதே, அது மாதிரி. எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் மூன்றும் இந்த வகை. வந்து சேர்ந்த மெயிலை ஃபோனிலும் தண்டர்பேர்டிலும் திறந்து காட்டுவது டவ்காட் போன்ற ஐமேப் சர்வர். நாம் கைவைக்கப்போவது முதலாவதில் மட்டும். ஏற்கெனவே வந்து சேர்ந்த மெயில்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதியது சென்ட்மெயில். அதன் காலத்தில் எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம், மெயில் அனுப்ப வேண்டுமென்றால் 'சென்ட்மெயில்' என்ற பெயருள்ள நிரலை நேரே கூப்பிடும். பின்னால் வந்த போட்டியாளர்களுக்கு வேறு வழியில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் 1995-இல் தொடங்கிய எக்ஸிமும், ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்ஸே வெனமா எழுதி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸும் அதே பெயரில் ஒரு கட்டளையைத் தருகின்றன. யூஎஸ்ஆர் அடைவின் எஸ்பின்னுக்குள் இருக்கும் அந்த 'சென்ட்மெயில்' ஒரு நாற்காலி. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானுக்கும் தெரியாது, பிஹெச்பியின் மெயில் ஃபங்ஷனுக்கும் தெரியாது. எம்டிஏவை மாற்ற முடிவதே இதனால்தான்.

அந்த நாற்காலியை டெபியன் ஒரு விதமாகவும் ரெட் ஹேட் குடும்பம் வேறு விதமாகவும் கையாளுகின்றன. டெபியனில் எல்லா எம்டிஏக்களும் 'மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்' என்ற மெய்நிகர் பேக்கேஜைத் தருவதாக அறிவித்துக்கொண்டு, அதே பெயருள்ள மற்றவற்றோடு ஒத்துப்போகாது என்றும் சொல்லிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றுதான். ரெட் ஹேட், ஃபெடோரா, அல்மா போன்றவற்றில் சென்ட்மெயிலும் போஸ்ட்ஃபிக்ஸும் சேர்ந்தே நிறுவப்பட்டிருக்கலாம். 'அல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் எம்டிஏ' என்று தட்டி எண்ணைத் தேர்ந்தெடுத்தால் சென்ட்மெயில், மெயில்க்யூ, நியூஅலியாசஸ் ஆகிய இணைப்புகள் மொத்தமாகத் திரும்பிவிடும். ஆனால் இணைப்பு திரும்பியதால் சேவை மாறாது. பழைய சேவையை சிஸ்டம்சிடிஎல்லில் நிறுத்தி முடக்கி, புதியதை இயக்க வேண்டும். இல்லையென்றால் மெயில் வந்து சேரும் 25-ஆம் போர்ட்டைப் பழையது பிடித்துக்கொண்டிருக்கும், புதியது எழவே எழாது.

மாறத்தான் வேண்டுமா?

எக்ஸிம் பெரும்பாலும் ஒரே பெரிய நிரல், அதுவும் ரூட் உரிமையோடு தொடங்குவது. போஸ்ட்ஃபிக்ஸ் அப்படியல்ல: வாங்குவதற்கு ஒன்று, சுத்தம் செய்ய ஒன்று, வரிசையைப் பார்க்க ஒன்று, அனுப்ப ஒன்று எனச் சிறு சிறு நிரல்கள், பெரும்பாலானவை குறைந்த உரிமையோடு ஓடுபவை. 2019 ஜூனில் வெளியான சிவிஇ-2019-10149 ஓட்டை, எக்ஸிம் 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில் வெளியாள் ஒருவர் ரூட்டாகக் கட்டளை ஓட்ட வழிவிட்டது. பலர் அப்போதுதான் இடம் மாறினார்கள். என்றாலும் புதுப்பித்து வைத்திருக்கும் எக்ஸிம் ஒன்றும் ஆபத்தான பொருள் இல்லை. வேறு காரணம் இல்லாவிட்டால் விட்டுவிடுவது நல்லது. சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாக மென்பொருள் நிறுவிய சர்வர் என்றால் பேச்சே இல்லை, எக்ஸிமைத் தொடாதீர்கள். சிபேனல் முழுக்க அதன்மேல் கட்டப்பட்டது.

வரிசையைக் காலி செய்வது

முதலில் எட்சி அடைவிலுள்ள எக்ஸிம்4 அடைவு, அலியாசஸ், மெயில்நேம் ஆகியவற்றைத் தனியாக நகல் எடுங்கள். அடுத்து வரிசை. அனுப்ப முடியாமல் காத்திருக்கும் மெயில்களை எக்ஸிம், வார் அடைவின் ஸ்பூல் பகுதியில் மெயிலுக்கு இரண்டு கோப்பாக வைத்திருக்கும்: 'எச்' என முடிவதில் தலைப்புகள், 'டி' என முடிவதில் உடல். போஸ்ட்ஃபிக்ஸின் வரிசைக் கோப்பு வடிவமே வேறு; இந்தக் கோப்புகளை அது திரும்பிக்கூடப் பார்க்காது. வரிசையில் 40 மெயில் இருக்கும்போது மாற்றினால் அந்த 40-ம் யாருக்கும் சொல்லாமல் வட்டிலேயே உறங்கும். போய்ச் சேரவில்லை என்று திரும்பி வரும் அறிவிப்பான பவுன்ஸ்கூட வராது. அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

'எக்ஸிம்4 -பிபிசி' எத்தனை மெயில் காத்திருக்கிறது என்று எண் மட்டும் காட்டும். இனி 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் எக்ஸிம்4' கொடுங்கள். வெளியிலிருந்து வருவது நின்றுவிடும். பின்னணியில் ஓடும் டெமன் நின்றாலும் எக்ஸிம் நிரலைக் கையால் ஓட்ட முடியும். 'எக்ஸிம்4 -க்யூஎஃப்எஃப்' உறைந்து கிடப்பவை உள்பட எல்லாவற்றையும் ஒரு முறை அனுப்பிப் பார்க்கும். பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. கிரான் வேலைகளும் இணையதளங்களும் சென்ட்மெயில் கட்டளை வழியாக இன்னும் மெயில் போடும் என்பதை மறக்க வேண்டாம். முடிந்தால் அந்த நேரத்துக்கு அவற்றையும் நிறுத்துங்கள்.

கடைசியில் மிஞ்சுபவை பெரும்பாலும் இல்லாத டொமைனுக்குப் போக முயலும் பவுன்ஸ்கள். அவற்றுக்காக வருந்த வேண்டியதில்லை. உண்மையான மெயில் ஏதேனும் மாட்டியிருந்தால் 'எக்ஸிம்4 -எம்விசி' என்பதோடு அதன் அடையாள எண்ணைக் கொடுத்து, வெளிவருவதை ஒரு கோப்பில் சேமியுங்கள். முழு மெயிலும் தலைப்போடு கிடைக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் வந்த பிறகு அந்தக் கோப்பை, அனுப்புநர் முகவரியை '-எஃப்' உடனும் பெறுநர் முகவரியைக் கடைசியிலும் கொடுத்து, சென்ட்மெயில் கட்டளைக்குள் செலுத்தினால் போய்விடும்.

சர்வர் மூடிக் கிடக்கும் இந்த நேரத்தில் உள்ளே வர வேண்டிய மெயில் தொலையுமா? தொலையாது. உங்கள் 25-ஆம் போர்ட் பதில் சொல்லாவிட்டால் ஒழுங்கான எந்த சர்வரும் மெயிலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். நான்கைந்து நாள் வரை விடாமல் முயல்வதுதான் வழக்கம். அரை மணி நேரம் மூடியிருப்பதில் எந்த நட்டமும் இல்லை. தப்பான அமைப்போடு ஐந்து நிமிடம் திறந்து வைத்து, வருகிற எல்லோருக்கும் 'அப்படி ஒரு ஆள் இல்லை' என்று 550 சொல்லி அனுப்பிவிடுவதுதான் நட்டம். அது நிரந்தர மறுப்பு. அனுப்பிய சர்வர் மறுபடி முயலாது.

நிறுவுதல்

எக்ஸிமை முதலில் தனியே நீக்கப் பார்க்காதீர்கள். எம்டிஏ வேண்டும் என்று சார்ந்திருக்கும் பேக்கேஜ்களும் கூடவே போகப் பார்க்கும். நேரே போஸ்ட்ஃபிக்ஸை நிறுவுங்கள். ஆப்ட் இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றிக்கொள்ளும். 'ஒய்' தட்டுவதற்கு முன் நீக்கப்படும் பட்டியலைப் படியுங்கள். எக்ஸிம்4 என்று தொடங்குபவை தவிர வேறெதுவும் அதில் இருந்தால் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

நடுவில் எந்த வகை என்று ஒரு கேள்வி வரும். நேரடியாக உலகத்தோடு பேசும் சர்வர் என்றால் 'இன்டர்நெட் சைட்'. வெளியே போவதெல்லாம் வேறொரு சர்வர் வழியாகப் போனால் 'ஸ்மார்ட்ஹோஸ்ட்' உள்ளது. எக்ஸிமில் எதைத் தேர்ந்திருந்தீர்கள் என்பது நகல் எடுத்த அடைவில் 'அப்டேட்-எக்ஸிம்4.கான்ஃப்.கான்ஃப்' என்ற கோப்பில் இருக்கிறது. (பெயரில் கான்ஃப் இரண்டு முறைதான், எழுத்துப் பிழை இல்லை.)

அதே கோப்புதான் மொழிபெயர்ப்புக்கும் மூலம். அதிலுள்ள 'டிசி_அதர்_ஹோஸ்ட்நேம்ஸ்' போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் கோப்பில் 'மைடெஸ்டினேஷன்' ஆகிறது. 'டிசி_ரிலே_நெட்ஸ்' இங்கே 'மைநெட்வொர்க்ஸ்'. 'டிசி_லோக்கல்_இன்டர்ஃபேசஸ்' என்பது 'ஐநெட்_இன்டர்ஃபேசஸ்'. இதை மாற்றினால் ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். எக்ஸிமில் பட்டியலைப் பிரிக்க முக்காற்புள்ளி அல்லது அரைப்புள்ளி, போஸ்ட்ஃபிக்ஸில் காற்புள்ளி அல்லது இடைவெளி. அப்படியே வெட்டி ஒட்டினால் வேலை செய்யாது.

ஸ்மார்ட்ஹோஸ்டில் இது நன்றாகத் தெரியும். எக்ஸிமில் முக்காற்புள்ளி பட்டியல் பிரிப்பான் என்பதால் போர்ட்டைச் சேர்க்க அதை இரட்டிக்க வேண்டியிருந்தது:

எஸ்எம்டிபி.எக்ஸாம்பிள்.காம்::587

போஸ்ட்ஃபிக்ஸின் ரிலேஹோஸ்டில் இதுவே இப்படி ஆகும்:

[எஸ்எம்டிபி.எக்ஸாம்பிள்.காம்]:587

சதுர அடைப்பு அழகுக்கு இல்லை. 'இந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவு தேடாதே, நேரே இந்தக் கணினிக்கே போ' என்பது அதன் பொருள். (டொமைனின் மெயில் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்வதே எம்எக்ஸ் பதிவு.) கடவுச்சொல் வைக்கும் 'சாஸ்ல்_பாஸ்டபிள்யூடி' கோப்பிலும் வரியின் முதல் பகுதி இதே எழுத்துகளாக, அடைப்பும் போர்ட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரு அடைப்பு விட்டுப்போனாலும் போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்காமல், புகார் செய்யாமல், அடையாளம் காட்டாமலே அனுப்பப் பார்க்கும். எதிர் சர்வர் மறுக்கும். கோப்பை எழுதியதும் அனுமதியை 600 ஆக்கி, 'போஸ்ட்மேப்' ஓட்டித் தரவுக் கோப்பாக்குங்கள். அதன் பிறகும் லாகில் 'நோ வொர்தி மெக்ஸ் ஃபவுண்ட்' என்று வந்தால் இரண்டில் ஒன்று: 'லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ்' பேக்கேஜ் இல்லை, அல்லது 'எஸ்எம்டிபி_சாஸ்ல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ்' தன் இயல்பு மதிப்பிலேயே இருக்கிறது. அந்த இயல்பு மதிப்பு வெளிப்படையான கடவுச்சொல் முறையைத் தடுக்கும். 'நோஅனானிமஸ்' மட்டும் வைத்து, டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கிவிடுங்கள்.

மைடெஸ்டினேஷன் பற்றி இன்னும் ஒன்று. 'என் வீட்டு முகவரிகள் இவை' என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் வரி அது. உங்கள் டொமைன் அதில் விட்டுப்போனால், எம்எக்ஸ் பதிவு இதே கணினியைக் காட்டுவதால், 'லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்' என்ற பிழையோடு மெயில் திரும்பும். தலைகீழாகவும் நடக்கும்: டொமைனின் மெயில் கூகுளிடம் இருக்கிறது, இந்தக் கணினி வெறும் வெப் சர்வர், ஆனால் நிறுவும்போது டொமைன் பெயர் மைடெஸ்டினேஷனில் ஏறிவிட்டது என்று வையுங்கள். இணையதளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து அதே டொமைன் முகவரிக்கு அனுப்பினால் வெளியே போகாமல் உள்ளூரிலேயே ஆளைத் தேடி, 'லோக்கல் ரெசிபியன்ட் டேபிளில் இல்லை' என்று முடித்துவிடும். மற்ற எல்லா முகவரிக்கும் ஒழுங்காகப் போகும் என்பதால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

சொல்லாமல் மாறும் பழக்கங்கள்

எட்சியிலுள்ள அலியாசஸ் கோப்பை எக்ஸிம் ஒவ்வொரு முறையும் நேரடியாகப் படிக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் அதிலிருந்து செய்த தரவுக் கோப்பைத்தான் படிக்கும். ஆகவே திருத்தியவுடன் 'நியூஅலியாசஸ்' ஓட்ட வேண்டும். எக்ஸிமில் பழகிய கை இதை மறப்பது இயல்பு. பயனர்களின் '.ஃபார்வர்ட்' கோப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். முதல் வரியில் 'எக்ஸிம் ஃபில்டர்' என்று இருந்தால் அது எக்ஸிமின் சொந்த மொழி. போஸ்ட்ஃபிக்ஸ் அந்த வரியைக் குறிப்பு என்று தாண்டிவிட்டு, கீழே உள்ள நிபந்தனைகளை முகவரிகள் என்று நினைத்து அவற்றுக்கு மெயில் அனுப்பப் பார்க்கும்.

மெயில் போய் விழும் இடமும் மாறலாம். எக்ஸிமில் வீட்டு அடைவின் மெயில்டிர் வடிவம் வைத்திருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் அதை அறியாமல் வார் அடைவின் மெயில் பகுதியில் ஆளுக்கு ஒரே கோப்பாக எழுதத் தொடங்கும். டவ்காட் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். லாகில் 'டெலிவர்ட்' என்று பச்சையாக இருக்கும், பயனர் 'வரவில்லை' என்பார், இருவர் சொல்வதும் உண்மை. 'ஹோம்_மெயில்பாக்ஸ்' மதிப்பாக 'மெயில்டிர்/' கொடுங்கள். கடைசிச் சாய்கோடு முக்கியம். அது இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒற்றைக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

திரும்பி வந்த பிடிஎஃப்பின் கதை இது: எக்ஸிமின் இயல்பு வரம்பு 50 எம்பி, போஸ்ட்ஃபிக்ஸின் 'மெசேஜ்_சைஸ்_லிமிட்' 10240000 பைட். இணைப்புகள் மெயிலில் போவதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும் என்பதால், கணினியில் ஏழரை எம்பி என்று தெரியும் கோப்பே வரம்பைத் தொட்டுவிடும். 52428800 என்று வைத்தால் பழைய நிலை. 'மெயில்பாக்ஸ்_சைஸ்_லிமிட்' இதைவிடச் சிறியதாக இருந்தால் உள்ளூர் டெலிவரியே நின்றுவிடும். டெபியன் அதைச் சுழியமாக, அதாவது வரம்பில்லாமல், வைத்துத் தருகிறது. அந்த வரியை அழிக்காதீர்கள்.

ஸ்பாம் பெட்டிக்குப் போவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது டிகேஐஎம், அதாவது மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் கையொப்பம். எக்ஸிம் அந்தக் கையொப்பத்தைத் தானே போடும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது தெரியாது. ஓபன்டிகேஐஎம் அல்லது ஆர்ஸ்பேம்டி என்ற துணை நிரலை மில்டராக, அதாவது மெயிலை இடையில் வாங்கித் திருத்தும் வடிகட்டியாக, இணைக்க வேண்டும். பழைய தனிச் சாவியையும் அதே செலக்டர் பெயரையும் கொடுத்தால் டிஎன்எஸ்ஸில் எதையும் மாற்ற வேண்டாம். சாவிக் கோப்பு முன்பு டெபியன்-எக்ஸிம் பயனருக்குச் சொந்தமாக இருந்திருக்கும், உரிமையை மாற்றுங்கள். 'எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ்' மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. அது நெட்வொர்க் வழியாக வருவதற்கு மட்டும். கிரானும் பிஹெச்பியும் சென்ட்மெயில் கட்டளையால் போடும் மெயில்களுக்குக் கையொப்பம் வேண்டுமென்றால் 'நான்_எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ்' வரியும் வேண்டும்.

பயனர்கள் 587-ஆம் போர்ட் வழியாக அனுப்புபவர்கள் என்றால் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் 'சப்மிஷன்' வரிகளின் முன்னுள்ள '#' குறியை எடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். கடவுச்சொல்லை டவ்காட் சரிபார்க்கிறதென்றால், அதன் சாக்கெட்டைப் போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்பூலின் 'பிரைவேட்' அடைவுக்குள் 'ஆத்' என்ற பெயரில் திறக்கச் சொல்லுங்கள். பல டெபியன் பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் நிரல்கள் அந்த ஸ்பூலுக்குள் பூட்டப்பட்டே ஓடுகின்றன. வெளியில் இருக்கும் பழைய சாக்கெட் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது.

திறந்து பார்ப்பது

திறப்பதற்கு முன் மெயின்.சிஎஃப்பில் 'சாஃப்ட்_பவுன்ஸ் = யெஸ்' சேருங்கள். இதை விடச் சிறந்த காப்பீடு போஸ்ட்ஃபிக்ஸில் இல்லை. நிரந்தர மறுப்பான 5-இல் தொடங்கும் பதில்களை எல்லாம் அது தற்காலிகமான 4-ஆக மாற்றிச் சொல்லும். உங்கள் அமைப்பில் பிழை இருந்தாலும் அனுப்பிய சர்வர் மெயிலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து மறுபடி கொண்டுவரும். பிழையைத் திருத்திவிட்டால் அதுவே உள்ளே வந்துவிடும்.

'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' பிழை இருந்தால் மட்டும் வாய் திறக்கும். 'போஸ்ட்கான்ஃப் -என்' இயல்பிலிருந்து நீங்கள் மாற்றியவற்றை மட்டும் காட்டும். உதவி கேட்கும்போது இதன் வெளியீட்டைத்தான் கொடுக்க வேண்டும். 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' கொடுத்து 25-ஆம் போர்ட்டில் 'மாஸ்டர்' உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அங்கே 'ஷோ ஒரிஜினல்' திறந்து எஸ்பிஎஃப் (டொமைன் சார்பில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வரா என்ற சோதனை), டிகேஐஎம் இரண்டிலும் 'பாஸ்' இருக்கிறதா என்று பார்ப்பது. அங்கிருந்து பதில் அனுப்பி உள்ளே வருகிறதா என்று பார்ப்பது. 8 எம்பி இணைப்பு ஒன்று. அலியாஸ் முகவரிக்கு ஒன்று.

கடைசியாக, யாருடைய மெயிலையும் யாருக்கும் கடத்திவிடும் திறந்த ரிலேவாக நம் சர்வர் ஆகிவிட்டதா என்ற சோதனை. இதை அதே கணினியிலிருந்து செய்து பயனில்லை, மைநெட்வொர்க்ஸில் அது எப்போதும் நம்மவர்தான். வெளியே வேறொரு இணைப்பிலிருந்து 25-ஆம் போர்ட்டைத் தொடர்புகொண்டு, அனுப்புநர் பெறுநர் இருவரும் அயலாராக இருக்கும்படி கொடுங்கள். 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்று 454 வந்தால் நல்லது. ஏற்றுக்கொண்டதாக 250 வந்தால் உடனே சேவையை நிறுத்திவிட்டு மைநெட்வொர்க்ஸைப் பாருங்கள். யாரோ அவசரத்தில் 0.0.0.0/0 போட்டிருப்பார்கள்.

லாக் இனி எக்ஸிம்4 அடைவின் மெயின்லாகில் வராது, மெயில்.லாகில் வரும், ஆர்சிஸ்லாக் இல்லாத புதிய டெபியனில் ஜர்னல்சிடிஎல்லில் மட்டும் தெரியும். தொல்லை தரும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேனில் எக்ஸிமுக்கான சிறை (ஜெயில்) இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாற்றுங்கள். டிஎல்எஸ் சான்றிதழ் புதுப்பிக்கும்போது எக்ஸிமை ரீலோட் செய்யும் ஹூக் இருந்தால் அதையும்.

ஓரிரு நாளில் லாகில் 4-இல் தொடங்கும் மறுப்புகளைப் படித்து, அவை எல்லாம் நியாயமான மறுப்புகள்தான் என்று தெரிந்ததும் சாஃப்ட்_பவுன்ஸை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் இல்லாத முகவரிக்கு வரும் குப்பை நாள்கணக்கில் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். எக்ஸிமின் அமைப்புக் கோப்புகள் பர்ஜ் செய்யும்வரை, அதாவது முழுக்கத் துடைத்தெறியும்வரை, வட்டில் இருக்கும், எனவே ஏதேனும் பெரிதாகக் கோளாறானால் எக்ஸிமை மறுபடி நிறுவினாலே பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். பிறகு பர்ஜ் செய்யும்போது, ஸ்பூலில் அனுப்பப்படாத மெயில் மிஞ்சியிருந்தால், அவற்றையும் அழிக்கட்டுமா என்று டெபியன் கேட்கும். அந்த இடத்தில் என்டரை வேகமாகத் தட்டாமல், இன்னொரு முனையத்தில் அந்த அடைவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.